நீலம் வராத குட்டி

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, சேலைகளுக்கு அடியில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். என்ன இது என்றார். சாயம் என்றேன். எதற்கு என்றார். குதிரை இரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு என்றேன். அவர் என் முகத்தை ஒரு முறையும் என் மலேசியக் கடவுச்சீட்டை ஒரு முறையும் பார்த்தார். "கல்யாணத்துக்கு வந்தேன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்று சலித்துக்கொண்டு குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

ஈப்போவில் பந்தயக் குதிரைகளுக்கான ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். தென்காசியில் கால்நடை மருத்துவராக இருக்கும் பொன்ராஜ், ஒரு பயிற்சிக்காக எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது பழக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவார். இந்த முறை வந்தது வாழ்த்து இல்லை. சுரண்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரே குதிரை ஈன்ற இரண்டு குட்டிகள் மூன்று மாதத்தைத் தாண்டாமல் செத்துவிட்டன, மூன்றாவது குட்டியும் அதே வழியில் போகிறது, எந்த மருந்தும் கேட்கவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார். எனக்கு விடுப்பு மிச்சமிருந்தது. கிளம்பிவிட்டேன்.

கேள்வி ஒன்றுதான். குட்டியின் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்கின்றனவா, இல்லையா? கொன்றால், நோய் வேறு எங்கோ இருக்கிறது, தேடி மருந்து கொடுக்கலாம். கொல்லாவிட்டால் குதிரைக்கு அதற்கு மருந்து கிடையாது. குட்டியை வலியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

தென்காசியில் இறங்கியபோது சாரல். குடை பிடித்தால் அவமானம், பிடிக்காவிட்டால் நனைந்துவிடுவோம், அப்படி ஒரு மழை. எங்கள் ஊரில் வானம் வாளியோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அது நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்க அருவிக்குப் போகிறவர்களும் அருவியிலிருந்து வருகிறவர்களும். ஈரத்துண்டோடு நாலு பேர் ஏறிய ஆட்டோவில் ஐந்தாவதாக நானும் என் பெட்டியும். என் மடியில் யாருடைய எண்ணெய்ப் புட்டியோ சாய்ந்து, கட்டியிருந்த சேலையை முடித்துவைத்தது. "குத்தாலத்துக்கு வந்துட்டு எண்ணெ படாமப் போவ முடியுமா?" என்று அதற்கு உரியவர் என்னையே சமாதானப்படுத்தினார்.

பொன்ராஜின் மருத்துவமனை முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் ஓர் அறை. பின்னறையை எனக்காகக் கழுவி வைத்திருந்தார். பக்கத்து இரத்தப் பரிசோதனைக் கடையில் கடன் வாங்கிய சுழற்றும் இயந்திரம் மேசைமேல் இருந்தது. நுண்ணோக்கி அவருடையது. அணுக்களை உடல்சூட்டில் வைக்க ஒரு பெட்டி வேண்டுமென்று எழுதியிருந்தேன். கோழி முட்டை பொரிக்கும் பெட்டியைக் காட்டினார். "முப்பத்தேழரை டிகிரி மேடம். கோழிக்குஞ்சுக்கு ஆவுறது குதிரைக்கு ஆவாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் எங்கள் ஆய்வகப் பெட்டியைவிட நிதானமாக இருந்தது.

மறுநாள் காலை, நான் எழுந்து வருவதற்குள் இரத்தம் வந்துவிட்டது. பொன்ராஜின் உதவியாளர் கணேசன், நாற்பது வயதுக்காரர், விடியலிலேயே சுரண்டைக்குப் போய்க் குட்டியிடம் இரத்தம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெருமையோடு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தது குழாய்.

வெள்ளணுக்களுக்குக் குளிர் ஆகாது. விறைத்துப்போனால் அப்புறம் எழுப்பினாலும் சரியாக வேலை செய்யாது. சோதித்தால் ஒன்றும் தெரியாது, தெரிந்ததை நம்பவும் முடியாது. நான் கத்திவிட்டேன். கணேசன் பெட்டியை மூடினார்.

"பதினஞ்சு வருசமா தடுப்பூசி மருந்தெல்லாம் ஐஸ்லதான் கொண்டாருதேன். வெயில்ல கொண்டாந்தேன்னு ஒரு சொல்லு வாங்குனதில்ல" என்றார், என்னிடம் இல்லை, சுவரிடம்.

அவர் சொன்னது நியாயம். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்குக் கை தானாகப் பனிக்கட்டியைத்தான் தேடும். சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவா என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மத்தியானம் பரோட்டாக் கடையில் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை இனி நான் ரொட்டி என்று சொல்லமாட்டேன், அது வேறு விஷயம். கணேசன் மிளகுக் கோழியை என் இலைப்பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு நாள் போய்விட்டது. குட்டிக்கு நாள்தான் கையில் இல்லை.

மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் சுரண்டைக்குப் போனோம். பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மூட்டை மிளகாயைக் காலடியில் வைத்திருந்ததால் வழி முழுக்கத் தும்மிக்கொண்டே போனேன். வீடு ஊருக்கு வெளியே. தென்னந்தட்டி போட்ட லாயம். குதிரைக்காரர் என்று நான் நினைத்திருந்தது ஓர் ஆணை. வந்தது சொர்ணம். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்த பிறகு அவள்தான் குதிரைகளைப் பார்க்கிறாள். பந்தயத்துக்கு வண்டி ஓட்டுவது அவளுடைய தம்பி முருகையா. அவன் அப்போது குற்றாலத்தில், சீசனுக்கு வருகிறவர்களை ஆண்குதிரைமேல் ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இங்கன வாங்கக்கா. சத்தம் போடாம வாங்க. இப்பந்தான் படுத்திருக்கு" என்று சொர்ணம் முன்னால் போனாள்.

செம்மண் நிறத்தில் ஒரு பெண்குட்டி. இரண்டு மாதம். தாடைக்கு அடியில் இரண்டு கட்டிகள் உடைந்து வழிந்திருந்தன. முன்னங்கால் முட்டிகள் வீங்கி, பார்க்கவே வலித்தது. மூச்சு இழுக்கும்போது விலா எண்ணலாம். அப்படியும் என் கையை மோந்து, கட்டைவிரலை வாய்க்குள் இழுத்துச் சப்பியது. நாக்கு அனலாய்ச் சுட்டது. ஆயிரக்கணக்கான குதிரைகளின் இரத்தத்தைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவை எனக்குக் குழாயில்தான் வரும். விரலைச் சப்பிக்கொண்டு வருவதில்லை.

சொர்ணம் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கட்டிகளைத் துடைத்தாள். மூன்று வேளையும் துடைக்கிறாளாம். "மொதக் குட்டிக்கு காலு, ரெண்டாவதுக்கு நெஞ்சு. இதுக்கு ரெண்டும்" என்றாள். பக்கத்தில் தாய்க்குதிரை வெள்ளச்சி, பெயருக்கேற்ற நிறம், நல்ல கொழுகொழுவென்று நின்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அதற்கு வாழ்நாளில் ஒரு சளி வந்ததில்லை என்றாள் சொர்ணம்.

குட்டியிடமும் வெள்ளச்சியிடமும் இரத்தம் எடுத்தோம். கணேசன் குழாய்களைத் துண்டில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அப்போது சொர்ணத்தின் மகள் செல்வி மோர் கொண்டுவந்தாள். ஏழு மாத வயிறு. முருகையாவின் மனைவி. தாய்மாமனைக் கட்டியிருக்கிறாள். எங்கள் பக்கத்திலும் உண்டு. என் அம்மா அப்பாவே அத்தை பிள்ளை மாமன் பிள்ளைதான். அதனால் எனக்கு அது காதில்கூட விழவில்லை. அடுத்துக் கேட்ட கேள்விக்கு வந்த பதில்தான் விழுந்தது.

குட்டிக்கு அப்பன் யார் என்று கேட்டேன். "நம்ம ராஜாதான். தம்பி குத்தாலத்துல வச்சிருக்கான்லா" என்றாள் சொர்ணம்.

மூன்று குட்டிக்கும் அவன்தானா?

"பின்ன? வெளிய விடுவமா? ராஜாவும் வெள்ளச்சிக்க அம்மையும் ஒரே வயித்துல பொறந்ததுவ. வெள்ளச்சிக்கு அவன் தாய்மாமன் முறை. முறை தப்பாமத்தான் சேத்தோம்."

பொன்ராஜ் மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அவருக்கும் இது புதிது. நாலு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிறார், யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குதிரைக்காரர்கள் வம்சத்தை வெளியில் பேசமாட்டார்கள் என்றார் பிறகு. என்னிடம் சொன்னது நான் கடல் தாண்டிப் போய்விடுவேன் என்பதால்தானாம்.

பொன்ராஜ் அங்கிருந்தே மருத்துவமனைக்குத் திரும்பினார். நானும் கணேசனும் ராஜாவின் இரத்தத்துக்காகக் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். வழியெல்லாம் ரம்புத்தான், மங்குஸ்தான் குவியல்கள். இரண்டும் என் வீட்டுக் கொல்லையில் காய்க்கிறவை. இங்கே அவற்றை மருந்து போலத் தடவித் தடவி வாங்குகிறார்கள். ஒரு குரங்கு என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு போய்க் கூரைமேல் உட்கார்ந்து, உள்ளே குழாய்களும் ஊசிகளும் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு என்மேலேயே எறிந்தது. ஒன்றும் உடையவில்லை. கூட்டம் கைதட்டியது.

முருகையா முப்பத்துமூன்று வயது ஆள். மீசை, கறுப்புக் கண்ணாடி. ராஜாவின் கழுத்தில் சலங்கை, நெற்றியில் குஞ்சம். "ரெத்தம் எடுங்க, வேண்டாங்கல. ஆனா இவன்கிட்ட ஒரு கொறையும் இருக்காது. அஞ்சு பந்தயம் அடிச்சவன்" என்றான். ராஜா ஊசி போட்டதைக் கவனிக்கக்கூட இல்லை. அருவியின் சத்தத்தில் அவன் காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகலே சோதனையைத் தொடங்கினேன். முதலில் சாயம் பயணத்தில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் விரலைக் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டேன். வேலை செய்கிற வெள்ளணு இந்த மஞ்சள் சாயத்தைத் தின்றால், கிருமியைக் கொல்ல அது வைத்திருக்கும் சரக்கு சாயத்தைக் கருநீலமாக மாற்றிவிடும். வேலை செய்யாத அணுவில் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். அரை மணி நேரம் கோழிப் பெட்டியில் வைத்து எடுத்தேன். நீலம். சாயம் நன்றாக இருந்தது, நானும் நன்றாக இருந்தேன்.

குதிரை இரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. குழாயை நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். வெள்ளணுக்கள் அதில்தான். அதை உறிஞ்சி, கனமான திரவம் ஒன்றின்மேல் மெல்லப் படரவிட்டுச் சுழற்றினால் எனக்கு வேண்டியவை அடியில் வந்து படியும். கை பிசகக்கூடாது. என் கை பிசகவில்லை. இயந்திரம் சுழலும்போது மின்சாரம் போய்விட்டது. பொன்ராஜ் வாயில் வந்ததை வெளியில் விடாமல் விழுங்கினார். முக்கால் மணி கழித்து வந்தது. மிச்சமிருந்த இரத்தத்தை வைத்து மறுபடி முதலிலிருந்து.

மூன்று கண்ணாடித் துண்டுகள். முதலில் வெள்ளச்சி. பார்வைக்குள் வந்த அணுவெல்லாம் நீலம். அடுத்தது ராஜா. நீலம். முருகையா சொன்னது சரிதான்.

குட்டியின் கண்ணாடியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தேன். மஞ்சள். நகர்த்தினேன். மஞ்சள். ஓரம் முதல் ஓரம் வரை இருநூறு அணுக்களை எண்ணினேன். ஒன்றுகூட நீலமாகவில்லை. அணுக்கள் இருந்தன, சாயத்தைத் தின்றும் இருந்தன. கொல்வதற்குத்தான் அவற்றிடம் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் காலையில் சொர்ணம், முருகையா, செல்வி மூன்று பேரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். பொன்ராஜ்தான் சொன்னார். ராஜாவிடமும் வெள்ளச்சியிடமும் அந்தக் குறை பாதி பாதியாக ஒளிந்திருக்கலாம், ஒரே வயிற்றிலிருந்து வந்த பாதி. பாதி மட்டும் இருக்கிற குதிரைக்கு ஒன்றும் செய்யாது, சோதித்தாலும் நீலம்தான் வரும், இரண்டு பாதியும் ஒரு குட்டியிடம் சேர்ந்தால் இப்படி ஆகும் என்றார். சேராமலும் போகலாம். மூன்று குட்டிக்கும் சேர்ந்தது இவர்கள் கெட்ட நேரம்.

"அதெல்லாம் சும்மா சொல்லுதிய" என்றான் முருகையா. "அந்தக் கண்ணாடில என்ன தெரியுது, யாருக்குத் தெரியும்?"

நான் எழுந்து நாற்காலியை விட்டேன். அவன் பார்க்கவில்லை. சொர்ணம் பார்த்தாள். கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்தேன். வெள்ளச்சி, ராஜா, குட்டி. இன்னொரு முறை குட்டி என்றாள். வைத்தேன். செல்வியும் எட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த நாலாவது யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். "மனுசருக்கும் வருமா?" என்றாள். வரும் என்றேன்.

சொர்ணம் நிமிர்ந்தாள். "பொழைக்குமா?"

எங்கள் ஆய்வகத்தில் இந்த வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு படிவத்தில் எழுதி மேலே அனுப்பிவிடுவேன். யாரோ யாரிடமோ சொல்லுவார்கள். பிழைக்காது என்றேன்.

"அப்பம் போட வேண்டிய ஊசியப் போட்டுருங்க டாக்டரய்யா. இன்னைக்கே போடுங்க. நாளைக்குன்னா என் மனசு மாறிரும்."

அன்று பத்தரை மணிக்கெல்லாம் லாயத்தில் இருந்தோம். வெள்ளச்சியை வேலியின் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். சொர்ணம் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கணேசன் கழுத்தைப் பிடித்தார். பொன்ராஜ் ஊசி போட்டார். குட்டி என் பக்கம் திரும்பி விரலைத் தேடியது. கொடுத்தேன். சப்பிக்கொண்டே இருந்தது, பிறகு சப்பவில்லை. நான் அழுதேன். வந்த வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தேன், அதனாலேயே இன்னும் அழுகை வந்தது. குழிக்குள் மூட்டை உப்பைக் கொட்டி மூடினான் முருகையா, எங்கள் யாரையும் பார்க்காமல். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளச்சி கனைத்துக்கொண்டே இருந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

எனக்கு மாலையில் வண்டி. பின்னறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொர்ணம் மறுபடி வந்து நின்றாள். கூடச் செல்வி. சொர்ணம் காலையில் கட்டியிருந்த சேலையைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, எனக்கு மொதல்ல ஒரு பய பொறந்தான். பதினோரு மாசம் இருந்தான். ஒடம்பெல்லாம் கட்டி, ஓயாத காய்ச்ச. எந்த ஆசுவத்திரியிலயும் என்னன்னு சொல்லல. எங்க வீட்டு அவுக எனக்கு அத்தை மவன். குட்டிக்கு நீங்க சொன்னியள்ளா, அதக் கேட்டதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. இவளுக்குப் பாருங்க. ஒரு சொட்டுத்தான?"

நான் மனிதர்களுக்கான ஆள் இல்லை, செய்யக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவள் மகளின் கையைப் பிடித்து என் மேசைமேல் வைத்தாள். செல்வி விரலை நீட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள்போல் கண்ணை மூடிக்கொண்டாள். குப்பியின் அடியில் இன்னும் ஒரு தடவைக்குச் சாயம் இருந்தது. செய்திருக்கக்கூடாது. செய்தேன்.

கோழிப் பெட்டி முன்னால் அரை மணி நேரம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். முருகையா அன்று சாப்பிடவில்லை என்றாள் செல்வி. பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறானாம், சொல்லமாட்டேன் என்கிறானாம்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நீலம். நல்ல, அடர்ந்த நீலம். சொன்னேன். செல்வி ஓர் அழுகையும் ஒரு சிரிப்புமாக எழுந்து, அவளே ஒரு முறை பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ஏட்டி, மெல்லப் போ" என்றாள் சொர்ணம். அவள் முகம் அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகத் தளர்ந்திருந்தது.

அத்தோடு விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். விடத்தான் நினைத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே என்ன சோதனை கேட்க வேண்டும், எந்த மாதிரி டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதினேன். குட்டிக்கு இல்லாத மருந்து குழந்தைக்கு உண்டு, சீக்கிரம் தெரிந்தால் காப்பாற்ற வழி இருக்கிறது என்றும் எழுதினேன். சொர்ணத்திடம் நீட்டினேன்.

"இது எதுக்கு? அதான் நீலம் வந்துட்டுல்லா?"

அவள் கண் என் முகத்திலிருந்து மேசைக்குப் போனது. காலையில் பார்த்த கண்ணாடிகளை நான் இன்னும் துடைக்கவில்லை, வரிசையாக இருந்தன.

"வெள்ளச்சிக்கும் நீலந்தான வந்துச்சி" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். வாசலிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. சாரல் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்கு நீலம் வந்துட்டு. நீலம் வந்துட்டு மாமா."